பேருந்து எந்தத் தெருவில் நிற்கிறது?

அரும்பாவூர் ஒரு நகரம். சிரிக்க வேண்டாம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்படித்தான் சொல்கிறது. பேரூராட்சி என்று அறிவிக்கப்பட்ட ஊரெல்லாம் அதன் கணக்கில் நகர்ப்புறம். பச்சைமலை அடிவாரத்தில், வேப்பந்தட்டை வட்டத்தில், மரச்சிற்பத்துக்காக 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் அரும்பாவூரும், பூலாம்பாடியும், குரும்பலூரும், லெப்பைக்குடிக்காடும், சென்னையும் கோவையும் இருக்கிற அதே தலைப்பின் கீழ் வருகின்றன. நகரம் என்று பெயர் வாங்கியதில் நமக்குக் கிடைத்தது என்ன? சுற்றியிருக்கும் ஊராட்சிகளுக்கு நூறு நாள் வேலை வந்தபோது, பேரூராட்சிக்கு அது இல்லை என்றார்கள். போகட்டும். நகரப் போக்குவரத்துக் கொள்கை, நகரப் போக்குவரத்துத் திட்டம், அதற்கான பல்கலைக்கழக ஆய்வு என்று இவ்வளவு பேசுகிறார்களே, அதிலாவது நமக்கு இடம் உண்டா என்று பார்க்கலாம்.

ஆய்வுக்குக் குறைவில்லை. சென்னை ஐஐடியில் நகரப் போக்குவரத்துக்கென்றே ஒன்றிய அரசின் நிதியுதவியுடன் ஓர் உயர் ஆய்வு மையம் உள்ளது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் போக்குவரத்துப் பொறியியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பெரம்பலூரைத் தாண்டினால் திருச்சி. அங்கே என்ஐடியில் போக்குவரத்துப் பொறியியல், மேலாண்மை இரண்டையும் சேர்த்து முதுநிலைப் பட்டமே கொடுக்கிறார்கள். 2006-ல் வந்த தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, சாலையை வாகனத்துக்காகத் திட்டமிடுவதை விட்டு மனிதருக்காகத் திட்டமிட வேண்டும் என்று எழுதி வைத்தது. நல்ல வாசகம். அதைப் படித்த நமக்குத் தோன்றுகிற கேள்வி ஒன்றுதான்: எந்த மனிதர்?

இந்தக் கேள்வி குதர்க்கமாகத் தோன்றினால், ஆய்வு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவர்கள் இந்த இடத்தைப் பொறுமையாகப் படிக்கவும். 1950-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களில் உருவான ஒரு முறையைத்தான் இன்றும் உலகம் முழுக்க அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஒரு நாளைக்கு எத்தனை பயணம் கிளம்புகிறது என்று கணக்கிடுவார்கள். அந்தப் பயணங்கள் எந்த வட்டாரத்தில் போய் முடிகின்றன, எந்த வாகனத்தில் போகின்றன, எந்தச் சாலை வழியாகப் போகின்றன என்று படிப்படியாகக் கணக்கு நகரும். கடைசியில், இந்தச் சாலைக்கு மேம்பாலம் வேண்டும், இந்தத் தடத்துக்கு இத்தனை பேருந்து வேண்டும் என்று முடிவு வரும். கணக்கு சுலபமாக வரவேண்டும் என்பதற்காக ஒரு சின்ன ஏற்பாடு செய்வார்கள். ஒரு வட்டாரத்தில் இருக்கும் எல்லா வீடுகளும் அதன் நடுவில் உள்ள ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வார்கள்.

ஒரே புள்ளி! குடியானத் தெருவும் காலனியும் ஒரே புள்ளி. கோயிலடியும் சேரியும் ஒரே புள்ளி. 1997-ல் தொடங்கிய சமத்துவபுரத்துக்காவது நிலம் வாங்கி வீடு கட்ட வேண்டியிருந்தது. போக்குவரத்து ஆய்வாளர் கணினியில் ஒரு புள்ளி வைத்தால் போதும், ஊரும் சேரியும் ஒன்றாகிவிடும்.

அந்தப் புள்ளிக்குள்தான் நம் பெண்கள் தினமும் நடக்கிறார்கள். ஊர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு வரும் பேருந்து, ஊரின் மாரியம்மன் கோயில் முன்போ, பால் சொசைட்டி முன்போ திரும்பிவிடும். அங்கிருந்து காலனிக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கலாம், இரண்டு கிலோமீட்டரும் இருக்கலாம். பெரம்பலூர் மாவட்டத்தில் நாம் போய்வந்த ஊர்களில் பெரும்பாலும் இப்படித்தான். கேட்டால் பாதை குறுகல் என்பார்கள், பேருந்து திரும்ப இடமில்லை என்பார்கள். சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பாதை ஏன் குறுகலாகவே இருக்கிறது, திரும்பும் இடம் ஏன் எப்போதும் அந்தப் பக்கமே அமைந்தது என்று கேட்டால் பதில் வராது. சில ஊர்களில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறார்கள். பேருந்து முதலில் காலனிக்குப் போய்த் திரும்பினால் உட்காரும் இடமெல்லாம் அங்கேயே நிரம்பிவிடுமாம். ஊருக்குள் வரும்போது குடியானவர்கள் நின்றுகொண்டு போக வேண்டுமாம். அவர்கள் உட்கார்ந்திருக்க இவர்கள் நிற்பதா? இந்த ஒரே காரணத்துக்காகப் பேருந்தின் கடைசி நிறுத்தம் ஊருக்குள்ளேயே நின்றுபோன இடங்கள் உண்டு. இதை எந்த வட்டாரப் புள்ளி காட்டும்?

இரவு ஏழு மணிக்குக் கல்லூரியிலிருந்து திரும்பும் பிள்ளைக்கு அந்தக் கடைசிக் கிலோமீட்டர்தான் படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைத் தீர்மானிக்கிறது. வேப்பந்தட்டையில் அரசு கலை அறிவியல் கல்லூரி வந்தது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பெண்கள் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து அங்கே போகிறார்கள். பயண அட்டையும் இலவசம். ஆனால் கடைசி வகுப்பு முடியும் நேரத்துக்கும் பேருந்து வரும் நேரத்துக்கும், பேருந்து நிற்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் இருட்டை யார் அளந்தார்கள்? மாதவிடாய் நாளில், மழை நாளில், ஊர்த் திருவிழா நாளில் அந்த வழி எப்படி இருக்கும் என்று நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம், அது வசைச்சொல்லாகத்தான் மாறியிருந்தது. சொல் போகிறது. நிறுத்தத்துக்கும் தெருவுக்கும் இடையிலான தூரம் எப்போது போகும்?

ஆய்வாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் இருக்கும் புள்ளிவிவரமே நம்மை விட்டுவிட்டுத்தான் தயாராகிறது. இதை நம் வாசகர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி இருந்தது. வீட்டிலிருந்து வேலையிடம் எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்பது கேள்வி. நடந்தா, சைக்கிளிலா, பேருந்திலா, ரயிலிலா என்றெல்லாம் பிரித்துக் கேட்டார்கள். இந்தியாவில் யார் எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்பதற்கு நாடு தழுவிய சான்றாகப் போக்குவரத்து ஆய்வாளர்கள் எடுத்து வைப்பது இந்த அட்டவணையைத்தான். ஆனால் அந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படவில்லை. சொந்த நிலத்தில் பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகிய மூன்று பிரிவினரையும் தள்ளிவிட்டு, ‘இதர தொழிலாளர்’ என்ற பிரிவினரிடம் மட்டுமே கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் சுமார் 20 கோடிப் பேர். கேட்கப்படாதவர்களில் பயிரிடுவோர் மட்டும் 11.88 கோடி, விவசாயக் கூலிகள் 14.43 கோடி. தமிழ்நாட்டில் மட்டும் அந்தக் கணக்கெடுப்பில் விவசாயக் கூலிகள் ஏறத்தாழ 96 லட்சம்.

விவசாயக் கூலி என்றால் யார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரி 20. மாவட்டத்தில் நகர்ப்புறத்தில் வாழ்வோர் 17 சதவீதம் மட்டுமே. நிலம் இல்லாதவர்கள் யார், களை எடுப்பவர்கள் யார், பருத்தி எடுப்பவர்கள் யார், சின்ன வெங்காயம் அறுப்பவர்கள் யார், மக்காச்சோளக் கதிர் ஒடிப்பவர்கள் யார் என்று ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அவர்களிடம் ‘வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்’ என்று இந்த நாடு கேட்கவே இல்லை. கூலிக்காரர் வீட்டுக்குப் பக்கத்து வயலில்தான் வேலை பார்ப்பார், அவருக்கு என்ன பயணம் என்று நினைத்திருக்கிறார்கள் போலும். அது எந்தக் காலம்? இன்றைக்கு விடிவதற்கு முன்பே கொத்து சேர்த்துக்கொண்டு மேஸ்திரி லோடு ஆட்டோவோடு வந்து நிற்கிறார். ஊரில் ‘குட்டி யானை’ என்று சொல்கிற அந்தச் சரக்கு வண்டியில் பெண்கள் நின்றபடி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காட்டுக்குப் போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றுவது சட்டப்படி குற்றம். கவிழ்ந்தால் செய்தியாகிறது, காப்பீட்டுக்காரர்கள் அதே சட்டத்தைக் காட்டிக் கையை விரிக்கிறார்கள். கவிழாத நாளில் அந்தப் பயணம் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு அந்தத் தடத்தில் ஒரு பேருந்து வேண்டும் என்ற முடிவுக்கு எந்த ஆய்வும் எப்படி வந்து சேரும்?

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஏறினால் சீட்டுக்குக் காசில்லை. இந்தத் திட்டத்தை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். கணவன் கையை எதிர்பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கும், மகள் வீட்டுக்கும், சங்கக் கூட்டத்துக்கும் போகிற பெண்களை நாம் கண்ணால் பார்க்கிறோம். மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. கூலி வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் சராசரி என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பேருந்தில் ஏறியவரின் மிச்சத்தைத்தான் இப்படிக் கூட்டி வகுக்க முடியும். கட்டணமில்லாப் பேருந்து தன் தெருப் பக்கம் வராததால் ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கொடுத்தவரும், வேலையே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிட்டவரும் எந்தக் கூட்டலில் வருவார்கள்? நம் பகுதியில் நீண்ட தூரம் ஓடும் புறநகர்ப் பேருந்துகளில் இந்தச் சலுகை கிடையாது. நிறுத்தத்தில் நின்று இரண்டு மூன்று பேருந்துகளைப் போகவிட்டு, நகரப் பேருந்துக்காகக் காத்திருக்கும் பெண்களை எந்தக் காலையிலும் பார்க்கலாம். அவர்கள் கொடுக்கும் விலை நேரம். போதாக்குறைக்கு, 2022-ல் அமைச்சர் ஒருவரே மேடையில் ‘ஓசி’ என்று சொல்லப்போக, அந்தச் சொல் சில நடத்துநர்களின் வாயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “ஆயா, ஓசி பஸ் பின்னாடி வருது, அதுல வா” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பேரன் வயதுப் பிள்ளை ஆயாவை ‘வா’ என்பதையும் சேர்த்தே கேட்டிருக்கிறோம்.

வண்டியில் ஏறுவது நமக்கு எப்போதுமே வெறும் பயணமாக இருந்ததில்லை. அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய சிறு நினைவுக் குறிப்பைப் படித்தவர்களுக்கு இது தெரியும். அதில் வருவதெல்லாம் ரயில் நிலையம், மாட்டு வண்டி, குதிரை வண்டி. 1901-ல் தந்தையைப் பார்க்கப் போன சிறுவர்கள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி, கோரேகாவ் போக வண்டி கேட்கிறார்கள். மகர் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் வரவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, சிறுவர்களே வண்டியை ஓட்டிக்கொள்ள, வண்டிக்காரர் கூடவே நடந்து வர ஒப்புக்கொண்டார். 1929-ல் அவர் வழக்கறிஞராகி, அரசுக் குழு ஒன்றின் உறுப்பினராகச் சாலிஸ்காவுக்குப் போகிறார். அப்போதும் குதிரை வண்டிக்காரர் ஒருவரும் அவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழகாத நம்மவர் ஒருவரே ஓட்டினார். பாலத்தில் வண்டி தடுமாறி அண்ணல் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. தங்களைப் பார்க்க வந்தவரை நடக்கவிடக் கூடாது என்ற மரியாதையில் அந்த ஏழை மக்கள் செய்த ஏற்பாடு அது.

அதே காலத்தில் இங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையில் எல்லோரும் நடக்கலாம் என்று சொல்ல வைத்தது. நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்த காலம்! அடுத்து பேருந்து வந்தது. தனியார் முதலாளிகள் ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுத்தார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஏற்ற மறுத்தால் பேருந்தின் உரிமம் ரத்து என்று உத்தரவு போட்டார். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். உரிமம் கொடுக்கிற கையில் அதிகாரம் இருந்தது, அந்தக் கைக்கு மனமும் இருந்தது. காரியம் நடந்தது. பின்னால் 1955-ல் வந்த குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, பொது வாகனத்தில் ஏறவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது.

இங்கேதான் இன்றைய சிக்கல் இருக்கிறது. ஏற்ற மறுத்தால் குற்றம். தெருப் பக்கம் வராமலே இருந்துவிட்டால்? அதற்கு எந்தப் பிரிவும் இல்லை. ‘தடம் லாபகரமாக இல்லை’ என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும்.

பேருந்தும் சாதியும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு 1997 என்ற ஓர் ஆண்டே போதும். வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பித் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் சேரன், சோழன், பாண்டியன் உட்பட எல்லாப் பெயர்களையும் அரசு நீக்கியது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐந்து பேரும் பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் படுகொலை செய்யப்பட்டார்கள். பேருந்து வராத கிராமங்களுக்கென்று மினி பஸ் திட்டம் அறிவிக்கப்பட்டதும் அதே 1997-ல்தான். இவையெல்லாம் பழைய கதை என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பொதுத்தேர்வு எழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்புத் தலித் மாணவரைக் கீழே இழுத்து வெட்டினார்கள். அந்தப் பிள்ளையின் கைவிரல்கள் துண்டாயின. போக்குவரத்து ஆய்வில் ‘பயணிகள் பாதுகாப்பு’ என்று ஓர் அத்தியாயம் இருக்கும். பிரேக், படிக்கட்டு, கதவு, கேமரா என்று எழுதியிருப்பார்கள். இதையும் அதில் எழுதுவார்களா?

எழுத முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். எழுதிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் கூவம் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடிசைகளை எடுத்து, மக்களைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே போனவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் காரென் கொயெலோவும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்தக் குடியிருப்புக்குள் போய் வேலை, பிழைப்பு பற்றி ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். ஊரைவிட்டுத் தூரத்தில் வைத்ததே எப்படி வறுமையை மறுபடி உண்டாக்குகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. தூரம் என்பது கிலோமீட்டர் மட்டும் இல்லை, வேலை இழப்பு என்று அது நிறுவியது. அப்படிப்பட்ட ஆய்வு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஏன் வரக் கூடாது?

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரைக்கும் போனது. ரோசா பார்க்ஸ் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைவிட நமக்குப் பாடமாக இருப்பது லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கு. 1990-களில் அந்நகரப் போக்குவரத்து நிறுவனம் ரயில் பாதைக்குப் பெரும் பணத்தைக் கொட்டிவிட்டு, ஏழைகள் போகும் பேருந்தின் கட்டணத்தை உயர்த்தி, மாதாந்திரப் பயண அட்டையையும் நிறுத்தப் பார்த்தது. பேருந்துப் பயணிகள் சங்கம் என்று ஒன்றை அமைத்துக்கொண்டு, வீட்டு வேலை செய்பவர்களும் தையல் தொழிலாளர்களும் 1994-ல் வழக்குப் போட்டார்கள். பேருந்தில் போவது கறுப்பர்களும் லத்தீன் இன மக்களும், ஆகவே இது இனப் பாகுபாடு என்பதே வாதம். ஆராய்ச்சியாளர்கள் பயணிகளின் கணக்கை எடுத்து அந்த வாதத்துக்குப் பக்கபலமாக நின்றார்கள். 1996-ல் சமரசத் தீர்வு வந்தது. கட்டணம் கட்டுக்குள் நின்றது, புதிய பேருந்துகள் வாங்கப்பட்டன. அந்த நாட்டில் ஒன்றிய அரசின் நிதி வாங்கும் பெரிய போக்குவரத்து நிறுவனங்கள், ஒரு தடத்தை வெட்டுவதற்கு முன்பு, அதனால் எந்த இனத்தவர் பாதிக்கப்படுவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று விதியே செய்தார்கள்.

நம் கோரிக்கையும் அதுதான். பேருந்துத் தடத்தை மாற்றும் முன், நடையைக் குறைக்கும் முன், நிறுத்தத்தை நகர்த்தும் முன், அதனால் எந்தத் தெரு பாதிக்கப்படும் என்று எழுதிக் காட்ட வேண்டும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய். அதற்கு எத்தனை பயணிகள் வருவார்கள், எந்த ஆண்டில் எவ்வளவு கூடும் என்று அறிக்கை மேல் அறிக்கை தயாரித்தார்கள். செய்யட்டும், மெட்ரோ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சென்னையில் கட்டட வேலை செய்யும் நம் பிள்ளைகளும் அதில் போகட்டும். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது, ரயிலேற அரியலூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். பேருந்தை மட்டுமே நம்பி வாழும் ஒரு மாவட்டத்தில், ஒரு நிறுத்தம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு அந்த அறிக்கையின் ஒரு பக்க அளவுக்காவது ஆய்வு வேண்டாமா? 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதிய மினி பஸ் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். ஒரு தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், அதில் பெரும்பகுதி பேருந்து ஓடாத வழியாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்லது. ஆனால் ‘பேருந்து ஓடாத வழி’ என்பதைச் சாலையை வைத்து அளக்கிறார்களா, தெருவை வைத்து அளக்கிறார்களா? ஊர் வரை பேருந்து வருகிறது என்றால் அந்த ஊரின் காலனிக்கும் வருகிறது என்றுதான் ஏட்டில் இருக்கும். இன்னொன்று, மினி பஸ் தனியாருடையது. கட்டணமில்லாப் பயணம் அதில் செல்லாது.

2027-ல் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது, சாதியும் கேட்கப்படும் என்கிறார்கள். வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும் விவசாயக் கூலிகளிடமும் கேளுங்கள் என்று இப்போதே நம் இயக்கங்கள் எழுத வேண்டும். சாதிவாரிக் கணக்கு பற்றி இவ்வளவு பேசும் கட்சிகள் இந்த ஒரு கேள்வியைப் பற்றி வாய் திறந்ததாக நாம் கேட்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது, தேசிய அளவிலும் உதவித்தொகை உண்டு. அவர்கள் தலைப்பு தேடும்போது வழிகாட்டி எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்கள். தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் நம்மையே எடுத்துக்கொள்வோம். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. பரிசு வாங்கிய பாணன், வாங்காத பாணனுக்கு வழி சொல்லும் இலக்கியம். எந்த நிலத்தில் என்ன சோறு கிடைக்கும், எங்கே தங்கலாம், எந்த இடத்தில் ஆபத்து என்று அடி அடியாகச் சொல்லும். ஏழையின் பயணத்தை இவ்வளவு நுட்பமாகப் பதிந்த மொழி நம்முடையது. பாணன் நடந்த வழியை ஆராய்ந்து எத்தனையோ ஆய்வேடுகள் அலமாரியில் இருக்கின்றன. களை எடுத்துவிட்டு ஆயா நடந்து வரும் வழியை ஆராய்ந்த ஏடு ஒன்றை நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். பொறியியல் படிப்பவர் அந்தத் தூரத்தை அளக்கட்டும், சமூகப்பணி படிப்பவர் ஆயாவிடம் பேசட்டும், பொருளியல் படிப்பவர் ஷேர் ஆட்டோ செலவைக் கூட்டட்டும், தமிழ் படிப்பவர் அதை எல்லோருக்கும் புரியும்படி எழுதட்டும்.

பல்கலைக்கழகம் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு போதும். ஒரு வாரம், காலை ஐந்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரை, இரண்டிரண்டு பேராக நிறுத்தத்தில் உட்காருங்கள். எந்தத் தடம், எத்தனை மணிக்கு வர வேண்டியது, எத்தனை மணிக்கு வந்தது, நின்றதா, நிற்காமல் போனதா, எத்தனை பேர் ஏறினார்கள், ஏற முடியாமல் எத்தனை பேர் நின்றார்கள் என்று எழுதுங்கள். நிறுத்தத்திலிருந்து காலனியின் கடைசி வீடு வரை எத்தனை நிமிடம் நடை, வழியில் எத்தனை தெருவிளக்கு எரிகிறது, எத்தனை எரியவில்லை என்று குறியுங்கள். லோடு ஆட்டோவில் எத்தனை பெண்கள் எங்கே போனார்கள், போகவர எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். யார் பெயரும் வேண்டாம், தெருவை மட்டும் எழுதினால் போதும். இன்னொரு பக்கம், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு மனு. நம் தடத்தில் ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட நடை எத்தனை, போன மாதம் ஓட்டிய நடை எத்தனை, ரத்தான நடை எத்தனை, அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தங்கள் எவை, அவற்றை முடிவு செய்த உத்தரவின் நகல் எங்கே. முப்பது நாளில் பதில் தர வேண்டும். நோட்டையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓட்டாத நடையும் நிற்காத நிறுத்தமும் தானாகத் தெரியும். அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு இணைத்து ரசீது வாங்குங்கள். இன்னொன்றைத் திருச்சிக்கோ சென்னைக்கோ, போக்குவரத்து சொல்லிக்கொடுக்கும் துறையின் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘உங்கள் மாணவர்களுக்கு ஒரு தலைப்பு’ என்று மேலே எழுதி.